ஜானி யுனைட்டஸ்: ஐந்து பேர் காத்த கை… அவர்கள் காக்காதபோது என்ன ஆனது?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு டீம் தோற்றால், ரசிகர்களிடம் முதலில் திட்டு வாங்குவது குவார்ட்டர்பேக்தான். பந்து அவர் கையில்தானே இருந்தது, அவர்தானே தப்பாக வீசினார் என்பது ரசிகர்களின் கணக்கு. அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேர் தங்கள் வேலையைச் செய்தார்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேமராவும் அந்தப் பக்கம் அதிகம் போகாது.

அந்த ஐந்து பேர் நன்றாக ஆடினால் ஒரு குவார்ட்டர்பேக் எவ்வளவு உயரம் போகலாம், அவர்கள் சொதப்பினால் என்ன ஆவார் என்ற இரண்டையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க முடியும். அவர் பெயர் ஜானி யுனைட்டஸ். 1950-களிலும் 60-களிலும் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். ஜெர்ஸி எண் 19. குட்டையாக வெட்டிய தலைமுடி, கணுக்காலுக்கு மேல் ஏறும் கறுப்பு ஷூ. இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே சிறந்த குவார்ட்டர்பேக் யார் என்ற சண்டை வந்தால், அவர் இறந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அவர் பெயர் கண்டிப்பாக வரும்.

முதலில், ஆட்டம் எப்படி?

நாம் ஃபுட்பால் என்று சொல்வது வேறு, இது வேறு. இதில் முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும்.

ஒவ்வொரு வாய்ப்பிலும் நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பார். வாங்குபவர் குவார்ட்டர்பேக். அதை அவர் பக்கத்தில் ஓடி வருபவரிடம் கொடுக்கலாம், அல்லது நாலு எட்டு பின்னால் போய், தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு வீசலாம்.

வீச முடிவு செய்தால் அவருக்குக் கிடைக்கும் நேரம் கிட்டத்தட்ட மூன்று விநாடிகள்தான். அதற்குள் எதிரணியின் முரட்டு ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுப்பதுதான் அஃபென்சிவ் லைனின் வேலை. சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கார்டு, ஓரங்களில் இரண்டு டேக்கிள் என மொத்தம் ஐந்து பேர். இவர்கள் அரைவட்டமாகப் பின்வாங்கிக்கொண்டே குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் அமைப்பார்கள். அதற்குப் பெயர் பாக்கெட்.

வளையம் உடைந்து, பந்தை வீசுவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் கீழே விழுந்தால் அது சாக். அந்த இடத்தில் அணி சில கெஜம் பின்னால் போய்விடும். ஆனால் நஷ்டம் அதோடு முடிவதில்லை. நாலு முறை அடி வாங்கிய குவார்ட்டர்பேக், ஐந்தாவது முறை ரிசீவரைப் பார்க்க மாட்டார், தன்னை நோக்கி வருபவனைத்தான் பார்ப்பார். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை அவசரமாக வீசிவிடுவார், அது எதிரணி கைக்குப் போகும். புள்ளிவிவரத்தில் அது அவர் பெயரில்தான் ஏறும். லைனில் யார் கோட்டை விட்டார் என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

ஆறு டாலர் ஆட்டக்காரர்

யுனைட்டஸ் பிறந்தது 1933 மே 7, பிட்ஸ்பர்க் நகரில். லிதுவேனியாவில் இருந்து வந்த குடும்பம். அப்பா நிலக்கரி வண்டி ஓட்டிப் பிழைத்தவர். ஜானிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா ஹெலன்தான் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

பள்ளியில் நன்றாக ஆடினாலும், ஒல்லியாக இருக்கிறான் என்று சொல்லி நோட்ர டேம் பல்கலைக்கழகம் அவரை ஒதுக்கியது. லூயிவில் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. 1955-ல் சொந்த ஊர் அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஒன்பதாவது சுற்றில் தேர்வு செய்தது. ஆனால் சீசன் தொடங்கும் முன்பே, பயிற்சி ஆட்டங்களில் ஒரு பந்துகூட வீச விடாமல், வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

கட்டுமான வேலைக்குப் போனார். வார இறுதியில் ப்ளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஆடினார். ஒரு ஆட்டத்துக்கு சம்பளம் 6 டாலர். அடுத்த ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் கோச் வீப் யூபேங்க் கூப்பிட்டு, மாற்று ஆட்டக்காரராக வைத்துக்கொண்டார்.

அந்த அணியின் முதல் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ஷா. 1956 அக்டோபரில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டு ஷாவின் கால் போனது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் யுனைட்டஸ். அந்த ஆட்டத்தில் அவர் வீசிய முதல் பந்தே எதிரணி கைக்குப் போய் டச் டவுன் ஆனது. கோல்ட்ஸ் 58-27 என்று தோற்றது. ஆரம்பம் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. ஆனால் ஷா அந்த இடத்துக்கு நிரந்தரமாகத் திரும்பவே இல்லை. ஒரு குவார்ட்டர்பேக்கின் அடிபட்ட காலில்தான் இன்னொருவரின் வாழ்க்கை தொடங்கியது. யூபேங்க் இதை மறக்கவில்லை என்பது அடுத்த சில மாதங்களிலேயே தெரிந்தது.

ஜிம் பார்க்கர் வந்தார்

1957 டிராஃப்டில் கோல்ட்ஸ் தன் முதல் சுற்றுத் தேர்வை ஒரு லைன்மேனுக்குச் செலவு செய்தது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜிம் பார்க்கர். 190 செ.மீ. உயரம், 120 கிலோவுக்கு மேல் எடை. இன்றைய லைன்மேன்கள் பலர் 140 கிலோ இருக்கிறார்கள், ஆனால் அந்தக் காலத்துக்கு அவர் மலை.

ஒரு சிக்கல் இருந்தது. ஒஹாயோ ஸ்டேட் கோச் வுடி ஹேஸுக்குப் பந்து வீசும் ஆட்டமே பிடிக்காது, ஓட்டம்தான் எல்லாம். அதனால் ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவது பார்க்கருக்குத் தெரியும், பின்வாங்கியபடியே குவார்ட்டர்பேக்கைக் காப்பது பழக்கமில்லை. இரண்டும் வேறு வேறு கலை. முன்னால் மோதுவதற்கு பலம் போதும். பாய்ந்து வருபவன் இடதா வலதா என்று தெரியாமல் பின்னால் நகர்ந்துகொண்டே சமநிலை இழக்காமல் நிற்கக் கால் வேலை வேண்டும்.

யூபேங்க் அவருக்குக் கொடுத்த கட்டளை சிம்பிள். ஜானியை யாரும் தொடக்கூடாது, தொட்டால் அணியிலேயே யாருக்கும் பிடிக்காத ஆள் நீதான்.

அவர் நிறுத்தப்பட்ட இடம் லெஃப்ட் டேக்கிள். ஏன் இடது? யுனைட்டஸ் வலது கைக்காரர். வலது கையால் வீசத் தயாராகும்போது உடம்பு வலப்பக்கம் திரும்பும், முதுகு இடப்பக்கத்தைப் பார்க்கும். அந்தப் பக்கம் இருந்து வருபவன் அவர் கண்ணில் படவே மாட்டான். தெரிந்து வாங்கும் அடிக்கு உடம்பு ஓரளவு தயாராகிக்கொள்ளும். தெரியாமல் வாங்கும் அடிதான் எலும்பை முறிக்கும்.

விதிகளும் அப்போது லைன்மேனுக்கு எதிராகத்தான் இருந்தன. கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளக் கூடாது, முஷ்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் தடுக்க வேண்டும். எதிரே வருபவனோ லைன்மேன் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் கையால் ஓங்கி அறையலாம். காது கிர்ரென்று ஆகும், அந்த அரை நொடியில் அவன் தாண்டிப் போய்விடுவான். இந்தத் தலையறை 1977-ல்தான் தடை செய்யப்பட்டது. கையை நீட்டித் தடுக்க அனுமதி வந்தது 1978-ல். யுனைட்டஸ் ஆடி முடித்த பிறகு!

1958: சுவர் நின்ற நாள்

நல்ல லைன் இருந்தாலும் அடியே படாது என்றில்லை. 1958 நவம்பரில் க்ரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். கோல்ட்ஸ் 56-0 என்று நொறுக்கியது. அந்த வெற்றியிலேயே, பந்தோடு ஓடியபோது வாங்கிய அடியில் யுனைட்டஸுக்கு விலா எலும்புகள் உடைந்து நுரையீரலில் துளை விழுந்தது. இரண்டே ஆட்டம்தான் உட்கார்ந்தார். மார்பைச் சுற்றிக் கவசம் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, முதல் வாய்ப்பிலேயே லென்னி மூருக்கு நீண்ட தூர டச் டவுன் வீசினார்.

டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுடன் சாம்பியன்ஷிப் ஆட்டம். ஜயன்ட்ஸ் தற்காப்பில் பெரிய பெயர் ஆண்டி ரொபஸ்டெல்லி. அவருக்கு நேர் எதிரே நின்றவர் இரண்டாவது சீசன் ஆடும் பார்க்கர். அவரோடு ஆர்ட் ஸ்பின்னி, பஸ் நட்டர், அலெக்ஸ் சாண்டஸ்கி, ஜார்ஜ் ப்ரியாஸ். இந்தப் பெயர்களை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு முறையாவது எழுதிவைப்போம்.

கடைசி இரண்டு நிமிடத்தில் கோல்ட்ஸ் 17-14 என்று பின்தங்கி இருந்தது. யுனைட்டஸ் தொடர்ந்து மூன்று முறை ரேமண்ட் பெர்ரிக்கு வீசினார். 62 கெஜம். ஏழு விநாடி மிச்சம் இருக்கும்போது ஃபீல்டு கோல், ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 80 கெஜம் முன்னேறி, ஆலன் அமீச்சியின் டச் டவுனோடு 23-17 வெற்றி. சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்று கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல் முறை. நாடு முழுக்க டிவியில் பார்த்தது. இந்த விளையாட்டு அமெரிக்கர்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தது அன்றுதான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

பெர்ரி அன்று 12 பந்து பிடித்தார். அவர் பெரிய வேகக்காரர் இல்லை. இத்தனை எட்டு ஓடி, இந்த இடத்தில் திரும்பினால் பந்து அங்கே இருக்கும் என்று யுனைட்டஸோடு மணிக்கணக்கில் பயிற்சி செய்து வைத்திருந்தார். அந்தத் திருப்பம் முடியும் வரை யுனைட்டஸ் நிற்க வேண்டுமே! ரொபஸ்டெல்லி அரை விநாடி முன்னால் வந்திருந்தால் இந்தப் பயிற்சி எல்லாம் வீண். அவர் வரவில்லை. பார்க்கர் விடவில்லை.

அடுத்த ஆண்டும் கோல்ட்ஸ்தான் சாம்பியன். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச் டவுன் பந்தாவது வீசினார் யுனைட்டஸ். அந்தச் சாதனையை 2012-ல் ட்ரூ ப்ரீஸ் முறியடிக்கும் வரை அரை நூற்றாண்டு யாரும் நெருங்க முடியவில்லை. பார்க்கர் தொடர்ந்து எட்டு ஆண்டு சிறந்த அணியில் இடம் பிடித்தார், முதல் பாதி டேக்கிளாக, அடுத்த பாதி கார்டாக.

உடம்பு எழுதிய கணக்கு

1965 டிசம்பரில் பேர்ஸ் ஆட்டத்தில் யுனைட்டஸின் முழங்கால் போனது. அடுத்த வாரமே மாற்று குவார்ட்டர்பேக் கேரி குவோஸோவின் தோள்பட்டை போனது. வேறு வழியே இல்லாமல் ஓட்டக்காரர் டாம் மேட்டியை குவார்ட்டர்பேக்காக நிறுத்தினார்கள். எந்த வாய்ப்பில் என்ன ஆடுவது என்று மணிக்கட்டுப் பட்டையில் பிட் எழுதி ஒட்டிக்கொண்டு ஆடினார் மனுஷன். பேக்கர்ஸிடம் கூடுதல் நேரத்தில் 13-10 என்று தோல்வி. அந்தப் பட்டை இன்று புகழ் மண்டபத்தில் இருக்கிறது. இரண்டு குவார்ட்டர்பேக் விழுந்தால் ஒரு அணியின் சீசன் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிடச் சின்ன சாட்சி இல்லை.

1967-ல் பார்க்கருக்கு முழங்கால் காயம். இனி தன்னால் அணிக்குப் பயன் இல்லை என்று சொல்லி, சீசன் நடுவிலேயே தானே விலகினார். நாலு வாரம் இழுத்தடித்துச் சம்பளம் வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. அந்த சீசனில் கோல்ட்ஸ் கடைசி ஆட்டம் வரை தோற்கவே இல்லை. கடைசி ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுடன். டீக்கன் ஜோன்ஸ், மெர்லின் ஓல்சன் இருந்த பயங்கரமான முன்வரிசை யுனைட்டஸை மறுபடி மறுபடி தரையில் சாய்த்தது. 34-10 தோல்வி. ஒரே ஒரு தோல்வியோடு, பிளேஆஃப் வாய்ப்பே போனது. பார்க்கர் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று அந்த லைன் தாங்கவில்லை.

1968-ல், சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் வலது முழங்கையில் பலத்த காயம். அந்த ஆண்டு பெரும்பாலும் ஏர்ல் மோரால்தான் ஆடினார். 1969 ஜனவரி சூப்பர் பவுலில் கோல்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெட்ஸ் கோச் யார் தெரியுமா? அதே வீப் யூபேங்க். முழங்கால் சரியில்லாத ஜோ நேமத் என்ற குவார்ட்டர்பேக்கைச் சுற்றி அங்கேயும் அவர் நல்ல சுவர் ஒன்றைக் கட்டியிருந்தார். நேமத் அன்று பெரும்பாலும் சட்டை கசங்காமல் ஆடினார். ஆட்டம் கை நழுவிய பிறகு களமிறங்கிய யுனைட்டஸ்தான், வலிக்கும் கையோடு, கோல்ட்ஸின் ஒரே டச் டவுனுக்கு வழிசெய்தார்.

இரண்டு ஆண்டு கழித்து டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலை கோல்ட்ஸ் 16-13 என்று வென்றது. அதிலும் யுனைட்டஸ் இரண்டாம் பாதியைப் பார்த்தது வெளியே இருந்துதான். ஜார்ஜ் ஆண்ட்ரி இடித்ததில் மறுபடியும் விலா.

சான் டியாகோ: சுவர் இல்லாத ஆண்டு

1973-ல் கோல்ட்ஸ் அவரை சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்கு விற்றது. வயது 40. முதல் ஆட்டம் வாஷிங்டனில். 38-0 தோல்வி. யுனைட்டஸ் வீசிச் சேர்த்தது மொத்தமே 55 கெஜம். மூன்று பந்து எதிரணி கைக்கு. எட்டு முறை சாக்.

வயதானதுதான் காரணம் என்று முடித்துவிடலாம். பாதி உண்மைதான், அந்தக் கால்கள் இனி யாரையும் ஏய்த்து ஓடாது. ஆனால் அடுத்த வாரத்தைப் பாருங்கள். பஃபலோ பில்ஸுக்கு எதிராக இரண்டு டச் டவுன், ஒரு பந்துகூட எதிரணிக்குப் போகவில்லை, 34-7 வெற்றி. அதே 40 வயது, அதே கை! நேரம் கிடைத்தால் அவரால் வீச முடிந்தது. அந்த சீசனில் அந்த நேரம் அபூர்வமாகத்தான் கிடைத்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து பிட்ஸ்பர்க். சொந்த ஊர், 18 ஆண்டுக்கு முன் அவரை ஒரு பந்துகூட வீச விடாமல் அனுப்பிய ஸ்டீலர்ஸ். அப்போது லீகிலேயே வலுவான முன்வரிசைகளில் ஒன்று அவர்களுடையது. முதல் பாதியில் ஒன்பது முறை வீசியதில் இரண்டுதான் சேர்ந்தது, 19 கெஜம். நான்கு சாக். இடைவேளைக்குப் பிறகு புதுமுகம் டான் ஃபவுட்ஸ் இறங்கினார். கதை அங்கேயே முடிந்தது. அந்த ஆண்டு சார்ஜர்ஸ் ஜெயித்தது இரண்டே ஆட்டம். 1974 பயிற்சி முகாமில் யுனைட்டஸ் ஓய்வை அறிவித்தார்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்: சாக் என்ற சொல்லையே பிரபலமாக்கியவர் என்று அறியப்படும் அதே டீக்கன் ஜோன்ஸ், 1973-ல் சார்ஜர்ஸில் யுனைட்டஸின் டீம்மேட். பல ஆண்டு அவரைத் துரத்தித் துரத்தி அடித்தவர், கடைசியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்தார்.

ஓய்வு பெறும்போது 40,239 கெஜம், 290 டச் டவுன். 40,000 கெஜத்தைத் தாண்டிய முதல் ஆள். எத்தனை முறை தரையில் சாய்க்கப்பட்டார் என்பதற்கு அதே போல முழுக் கணக்கு கிடையாது. தற்காப்பு வீரர்களின் சாக்கை லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982-ல்தான்.

அந்தக் கை

அந்தக் கணக்கை அவர் உடம்பு வைத்திருந்தது. இரண்டு முழங்கால்களையும் மாற்ற வேண்டியிருந்தது. 1968-ல் அடிபட்ட வலது கையில் நரம்புகள் படிப்படியாக வேலை செய்வதை நிறுத்தின. 60 வயதைத் தாண்டிய பிறகு ஒரு பந்தைப் பிடிக்கக்கூட அந்த விரல்கள் மடங்கவில்லை. கோல்ஃப் ஆட ஆசைப்பட்டால், மட்டையைக் கையோடு சேர்த்து ஒட்டுப் பட்டை போட்டுக் கட்டிக்கொள்வார்.

ஊனத்துக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். 55 வயதுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கை செயலிழந்ததே அதற்குப் பிறகுதான் என்பது எடுபடவில்லை. இந்த லீகை டிவிக்குக் கொண்டுசேர்த்த கைக்கு லீகின் பதில் இது. படிக்கும்போதே கோபம் வருகிறது.

2002 செப்டம்பர் 11 அன்று மேரிலாந்தில் உள்ள டிமோனியத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 69. ஜிம் பார்க்கர் மூன்று ஆண்டு கழித்து, 2005-ல் காலமானார். லைன்மேனாக மட்டுமே ஆடி புகழ் மண்டபத்துக்குள் போன முதல் ஆள் பார்க்கர்தான். அது 1973-ல், யுனைட்டஸ் சான் டியாகோவில் அடி வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு.

யுனைட்டஸ் இறப்பதற்கு மூன்று நாள் முன்புதான் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் என்ற புது அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. டிராஃப்டின் முதல் தேர்வாக வந்த டேவிட் கார் அதன் குவார்ட்டர்பேக். அவரைக் காக்க டோனி பொசெல்லி என்ற பெரிய லெஃப்ட் டேக்கிளை வாங்கி வைத்திருந்தார்கள். காயம் காரணமாக அவர் அந்த அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த சீசனில் கார் 76 முறை சாக் ஆனார், ஒரே சீசனில் ஒரு குவார்ட்டர்பேக் இத்தனை முறை விழுந்தது இல்லை. ஹூஸ்டனில் ஐந்து ஆண்டுகளில் 249 முறை. பிறகு அணி அவரை விடுவித்தது.